கண்டலை வெட்டியது யார் என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் படைப்பைக் கொழும்புக் கண்காட்சிக்கு ஏற்றத் திங்கட்கிழமை லொறி வருகிறது என்று அன்றைக்குத் தொலைபேசியில் சொன்னாய். கம்பிக் கண்டல்களைக் கழற்றி ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டுவிட்டாய், துணிகளைத் தனியே கட்டிவிட்டாய், ட்ரக்டர் பெட்டியை ஏற்ற நாலு ஆட்கள் வேண்டும், அப்பா பார்த்துத் தாங்கோ என்றாய். நானும் "ஓம் மகள், பிடிச்சுத் தாறன்" என்றேன். அந்த இடத்தில் சொல்ல வேண்டிய வேறொரு சொல் இருந்தது. அதைச் சொல்லாமல் தொலைபேசியை வைத்தேன். முப்பது வருசம் கிராம சேவகராக, ஊரார் வாயில் ஜீஎஸ் ஐயாவாக, இருந்து ஊரில் உள்ள எல்லாருக்கும் "இன்னார் எனது பிரிவில் வசிப்பவர், நன்னடத்தை உள்ளவர்" என்று கடிதம் எழுதிக் கொடுத்த எனக்கு, என்னுடைய நடத்தையைப் பற்றி என் மகளுக்கு எழுத இத்தனை வருசம் எடுத்திருக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வாவிக்கரையில், என் தங்கை, உன் வசந்தி மாமியின் வீட்டுக்கு முன்னால், தண்ணீருக்குள் வேர் ஊன்றி வேலி போல நின்ற கண்டல் மரங்களை வெட்டுவித்தது நான். காத்தான்குடி ஆதம்பாவாக் காக்கா இல்லை. உன் படைப்புக்குப் பக்கத்தில் "விறகுக்காக இந்த வேர்களை ஏற்றிப் போனவரின் பெட்டி" என்று ஒரு பலகை வைத்திருக்கிறாயே, அந்தப் பலகை கொழும்புக்குப் போகக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். மிச்சத்தை ஆறுதலாக வாசி. கோபம் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு வாசி, ஆனால் முழுதாக வாசி.

அது சமாதான காலம். சோதனைச் சாவடிகள் குறைந்து, பாதை திறந்து, வெளிநாட்டில் இருந்தவர்கள்கூட வந்து காணி பார்த்துப் போன நாட்கள். நீயும் அம்மாவும் செங்கலடியில் பெரியம்மா வீட்டில் நின்றீர்கள். உன் பள்ளிக்கூடம் அங்கே, என் கடமை இங்கே. உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பெரிய பிள்ளையானதும் உன் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இவளுக்கு வளவு எங்க?" என்பதுதான். நம் பக்கத்தில் பெண்பிள்ளை உள்ள தகப்பனை ஊர் எப்படி அளக்கும் என்று உனக்குத் தெரியும். வீடும் அது நிற்கும் வளவும் பெண்ணின் பேரில் எழுத வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும். என் தாய்வழி வளவு முறைப்படி வசந்திக்குப் போய்விட்டது. உன் அம்மாவின் வளவு சண்டைக் காலத்தில் இருந்த இடமே தெரியாமல் போனது. எனக்கென்று இருந்தது உன்னிச்சைப் பக்கம் ஒரு துண்டு வயல். வயல்வட்டைக்குள் யார் வீடு கட்டிப் பெண் கொடுப்பான்?

அப்போதுதான் என் கண் அந்தக் கரையில் விழுந்தது. வசந்தியின் வேலிக்கும் தண்ணீருக்கும் இடையில் கண்டல் அடர்ந்து நின்றது. அதை வெட்டி, வாவியின் ஓரத்தைக் கிரவல் போட்டு நிரப்பினால், தண்ணீரைப் பார்த்தபடி நல்லதொரு வளவு வரும். அரச கரை. அதில் யாராவது ஒரு தடி முறித்தாலும் தடுக்க வேண்டிய ஆள் நான். அந்தக் கரையில் விறகு வெட்டிய ஒரு கிழவரை நானே கூப்பிட்டு எச்சரித்து அனுப்பியிருக்கிறேன். ஆனால் எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். ஊரே போரால் அழிந்து கிடக்கும்போது நாலு மரத்தைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள் என்பதுதான் அது. யாரும் கேட்கவில்லைதான்.

உன் மாமி மட்டும் கேட்டாள். வெட்டத் தொடங்கிய அன்று காலை வேலியடியில் வந்து நின்றாள். "அண்ணா, இதுக்குள்ளதானே இறால் குஞ்சு எல்லாம் நிக்குது. காத்துக்கும் எங்களுக்கு இதுதானே மறிப்பு. ஏன் வெட்டுறீங்க?" என்றாள். நான் எரிந்து விழுந்தேன். "உன்ட மருமகளுக்குத்தான் இந்த வளவு. அவளுக்கு ஒண்டும் வேணாமெண்டு சொல்லுறியா?" என்று கேட்டேன். அவள் வேலியை விட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். உன் பெயரைச் சொன்னால் அவள் அடங்கிவிடுவாள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொன்னேன். பத்து மணிக்கு வெட்டின ஆட்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தவளும் அவள்தான். அந்தத் தேத்தண்ணியை நானும் குடித்தேன்.

வெட்டிய மரம் கரை முழுக்கக் கிடந்தது. அதை அப்புறப்படுத்த வேண்டும். ஆதம்பாவாக் காக்கா அப்போது பேக்கரிகளுக்கு விறகு ஏற்றுகிறவர். நான்தான் ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டுத் தயங்கினார். "ஐயா, இது வெட்டக்கூடாத மரமெல்லுவா?" என்று கேட்டார். "ஜீஎஸ் நான் சொல்லுறன், நீங்க ஏத்துங்க காக்கா" என்றேன். ஏற்றினார். அவருடைய சிவப்பு ட்ரக்டரும் அது பின்னால் இழுத்த பெட்டியும் கண்டல் விறகோடு சந்தியால் போனதை ஊரே பார்த்தது. வெட்டும்போது பார்த்தவர்கள் சிலர், ஏற்றிப் போகும்போது பார்த்தவர்கள் பலர். பின்னால் எனக்குக் கை கொடுத்தது இந்தக் கணக்குத்தான்.

கடல் வந்த அன்று, அந்தச் சுனாமி நாளில், நான் உன்னிச்சையில் இருந்தேன். வயலில் தண்ணீர் கட்ட வேண்டியிருந்தது. பெரியம்மாவுக்குச் சுகமில்லை என்று விடுமுறைக்கும் நீங்கள் ஊருக்கு வரவில்லை. நாம் மூன்று பேரும் தப்பியது இப்படித்தான். மத்தியானத்துக்குப் பிறகு கால்நடையாக ஊருக்குள் போனேன். கடல் முகத்துவாரத்தால் ஏறி வாவிக்குள் பாய்ந்து, கரையோரமாக ஊருக்குள் புகுந்திருந்தது. கண்டல் நின்ற பக்கங்களில் வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர், சேறு, உடைந்த சாமான். ஆனால் சுவர் நின்றது, ஆட்கள் கூரையில் ஏறித் தப்பியிருந்தார்கள். நான் வெட்டின இடைவெளிக்கு நேரே ஒன்றும் இல்லை. ஏழு வீடு இருந்த இடத்தில் வெறும் மணல். நான் போட்ட கிரவலும் இல்லை, உனக்கென்று அளந்து கல் நட்ட வளவும் இல்லை, தண்ணீர் மறுபடி தன் இடத்தில் நின்றது. வசந்தியை அடுத்த நாள் காலை வாவிக்குள் ஒரு தோணிக்காரர் கண்டெடுத்தார். கண்டல் நின்றிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று நீ கேட்பாய். தெரியாது, மகள். கடல் வந்த வேகத்துக்கு மரம் எதைத் தடுத்திருக்கும் என்று பிறகு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். ஆனால் இரண்டு பக்கமும் நின்ற வீடுகளை நான் என் கண்ணால் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு "தெரியாது" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் எழுதியவனும் நான்தான். அது என் உத்தியோகம். வசந்தியின் பெயரையும் என் கையாலேயே எழுதினேன். அதற்குப் பிறகு நிவாரணத்துக்கும் தற்காலிகக் கொட்டிலுக்கும் புது வீட்டுக்கும் என்று ஊரில் ஒவ்வொருவரும் என் கையெழுத்துக்கு வரிசையில் நின்றார்கள். கண்டலை வெட்டியது யார் என்று தெரிந்தவர்களும் அந்த வரிசையில்தான் நின்றார்கள். என் முகத்துக்கு நேரே அதை யார் சொல்வார்? ஆனால் கோபம் எங்காவது போய் விழத்தானே வேண்டும். அது சிவப்பு ட்ரக்டரில் விழுந்தது. தமிழன் மேல் முஸ்லிமும் முஸ்லிம் மேல் தமிழனும் பழி போட நம் பக்கத்தில் ஒரு சின்னக் காரணம் போதும் என்பது உனக்குத் தெரியாததல்ல. "காத்தான்குடியான் விறகுக்கு வெட்டிக்கொண்டு போனதாலதான் இவ்வளவும்" என்று தேநீர்க்கடையில் ஒருவர் என் முன்னாலேயே சொன்னார். நான் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பக்கத்தையும் புரட்டினேன்.

மறுபடி சண்டை வந்தது. யார் எதை வெட்டினான், யார் யாரை என்ன செய்தான் என்று வாய் திறந்து கேட்பதே ஆபத்தான காலம். உண்மையைச் சொன்னால், அந்தக் காலம் எனக்கு வசதியாக இருந்தது. ஊர் முழுக்கப் பயத்தில் பேசாமல் இருந்தது, அந்தப் பேசாமைக்குள் நானும் ஒளிந்துகொண்டேன். போர் முடிந்தபோது மற்றவர்கள் எதை எதையோ நினைத்து அழுதார்கள். எனக்கு இனி ஆட்கள் பழையபடி கதைக்கத் தொடங்குவார்களே என்ற பயமும் வந்தது. இப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்தது என்று உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

நீதான் கேட்கத் தொடங்கினாய். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு மாரியில் மழை ஓயாமல் கொட்டி, குளம் நிரம்பி வான் பாய்ந்து, வட்டை எல்லாம் கடலாகக் கிடந்தது. மழை தன் மாதத்தை மறந்துபோச்சு என்று வயல்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். நீ அந்த வெள்ளத்துக்குள் முழங்கால் சேற்றோடு வீட்டுக்கு வந்து, "அப்பா, இனி வெள்ளம் கூடும், கடலும் ஏறும். மறிக்க எங்களிட்ட என்ன கிடக்கு?" என்று கேட்டாய். பிறகு, "அந்தக் கண்டல ஆர் வெட்டின? இனிக் கேக்கலாந்தானே?" என்றாய். நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன். "நீங்கதானே ஜீஎஸ். உங்களுக்குத் தெரியாம ஆரு வெட்டியிருப்பாங்க?" என்று விடாமல் கேட்டாய்.

"ஆதம்பாவாட ட்ரக்டர்தான் ஏத்திக்கொண்டு போனது" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, மகள். முப்பது வருசம் அறிக்கை எழுதிப் பழகின வாய். எதைச் சொல்லி எதை விட்டால் ஆள் எந்தப் பக்கம் போவான் என்று அதற்குத் தெரியும். நீ அந்தப் பக்கம் போனாய். ஊரில் நாலு பேரிடம் கேட்டாய், அவர்களும் அதையே சொன்னார்கள். ஜீஎஸ் ஐயாவின் மகளிடம் வேறு என்ன சொல்வார்கள்?

பிறகு உன் வேலை தொடங்கியது. அலை உடைத்த வீடுகளின் கொங்கிரீட்டுக்குள் இருந்து துருப்பிடித்த கம்பிகளை உருவி எடுத்தாய். அவற்றைக் கண்டல் வேர் போல வளைத்து, ஊர்வீடுகளில் வாங்கிய பழைய சேலை, சாரம், பள்ளிக்கூடச் சட்டை என்று சுற்றி, அந்த இடைவெளியிலேயே தண்ணீருக்குள் நட்டாய். நிறுவல் கலை என்று அதைச் சொன்னாய். சிலையென்றால் ஒரு ஆளாவது இருக்க வேண்டாமா என்று நான் கேட்க, "ஆள் நீங்கதான் அப்பா, பாக்க வாறவங்கதான்" என்று சிரித்தாய். வீச்சு வலைக்காரர் ஒருவர் என்னிடம் முறைப்பாடு கொண்டு வந்தார், "ஐயா, இந்தக் கம்பியில வலை கிழிஞ்சா ஆர் பொறுப்பு?" என்று. ஒரு மாதத்தில் அவரே வந்து, கம்பிக்குள் மீன் குஞ்சு அடைகிறது என்று சந்தோசமாகச் சொல்லிவிட்டுப் போனார். மாரித் தண்ணீர் ஏறும்போது துணிகள் மிதந்து மேலே வந்ததையும், முகத்துவாரம் வெட்டி நீர் வடிந்ததும் அவை சேறு பிடித்துத் தொங்கியதையும் நான் பார்த்தேன். நீ செய்தது நல்ல வேலை. அதைச் செய்ய உனக்கு என்னால் காரணம் கிடைத்தது என்பதால் அதை வாய்விட்டுப் புகழ எனக்கு வெட்கமாக இருந்தது.

பழைய இரும்புக் கடையில் ஆதம்பாவாவின் பெட்டி கிடக்கிறது என்று கேள்விப்பட்டு நீ தேடிப் போய் அதை வாங்கி வந்தாய். சாட்சி கிடைத்துவிட்டது என்று குதித்தாய். அதை இறக்கி, கரையில் நிறுத்தி, வெட்டின அடிக்கட்டைகளை அதற்குள் அடுக்கினாய். இறக்கும்போது ஒரு மூலையைப் பிடித்தவன் நான். தொடக்க விழாவில் விளக்கேற்ற, கலைஞரின் தந்தை என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஏற்றினேன். பத்திரிகையில் பெட்டியின் படமும் வந்தது, பக்கத்தில் என் படமும் வந்தது.

மூன்றாம் நாள் நீ வீட்டுக்கு வந்து சொன்னது நினைவிருக்கிறதா? "ஒரு காக்கா சைக்கிளில வந்தவர் அப்பா. எல்லாம் ஒண்டொண்டாக் கேட்டவர். பெட்டிக்குப் பக்கத்தில கன நேரம் நிண்டவர். நல்லாச் செஞ்சிரிக்கீங்க புள்ள எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார்." உன் வேலையை ஒரு மனுசன் அவ்வளவு நேரம் நின்று பார்த்தார் என்று உனக்குப் பெருமை. யாரென்று எனக்கு உடனே தெரிந்தது. நான் எழும்பிப் போய்க் கை கழுவினேன்.

போன வியாழக்கிழமைதான் துணிந்து அவர் வீட்டுக்குப் போனேன். விறகு ஏற்றுவதை விட்டுவிட்டார், மகனின் துணிக்கடையில் இருக்கிறார். கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன்னே, "பேப்பர்ல பெட்டிட படத்தக் கண்டு பள்ளிவாசல்ல ஆக்கள் கேக்காங்க ஐயா, நீங்களா வெட்டின எண்டு. நான் என்ன சொல்லுற?" என்றார். ஏன் ஒருமுறையாவது உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சண்டைக்குள்ள நான் வந்து ஜீஎஸ் வெட்டினாரெண்டு சொன்னா உங்கட ஊருல ஆரு நம்புவாங்க? மறுகா நான் அந்த ரோட்டால போய்வர ஏலுமா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. மகளிடம் சொல்லப் போகிறேன், பெட்டியை அங்கிருந்து எடுக்கச் சொல்லுகிறேன் என்றேன். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"ஏன் எடுக்கணும்? அந்தப் பெட்டியிலதானே ஐயா உங்கட ஊரு மையத்தெல்லாம் ஏத்தினோம். உங்கட தங்கச்சியையும் அதிலதானே கொண்டு போன. நீங்க பின்னால நடந்து வந்தீங்கதானே? புள்ளைக்கு அதச் சொல்லல்லியா?"

சொல்லவில்லை. இந்தக் கடிதத்திலும் அதை விட்டுவிட்டு முடிக்கத்தான் நினைத்தேன். மற்றதையெல்லாம் எழுதிவிட்டேன், இதை எழுத இரண்டு நாள் எடுத்தது. கடல் வந்த மறுநாள், யாரும் கூப்பிடாமலே, தன் ஊரிலும் சாவு கிடக்க, அந்த மனுசன் ட்ரக்டரைக் கொண்டு நம் ஊருக்கு வந்தார். பகல் முழுக்கச் சேற்றுக்குள் இறங்கி, உடல்களைத் தூக்கி, துணி போர்த்தி, புதைகுழிக்கு ஏற்றிப் போனார். வசந்தியைத் தூக்கும்போது தலைப்பக்கம் பிடித்தவர் அவர், காலை நான் பிடித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் பேக்கரி விறகு ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை, இரும்புக் கடைக்குக் கொடுத்துவிட்டார். நீ கரையில் நிறுத்திய பிறகு ஊர்ப் பெண்கள் சிலர் அதற்குள் செவ்வரத்தம் பூ வைத்தார்களே, அது உன் கலைக்கு வைத்த பூ என்று நினைத்தாய். அது அந்தப் பெட்டியில் போனவர்களுக்கு வைத்த பூ, மகள். ஊருக்கே தெரியும். அந்தப் பெட்டியைக் களவுக்குச் சாட்சியாக நீ நிறுத்தும்போது, பின்னால் நடந்து போன நான் மூலையைப் பிடித்து இறக்கித் தந்தேன்.

இதைவிடக் கேவலமாக நான் எதையும் செய்ததில்லை. உன் வளவுக்காகச் செய்தேன் என்று சொல்லி உன் தலையிலும் ஒரு பங்கைக் கட்டிவிட எனக்கு ஆசை வருகிறது. அதையும் நம்பாதே. நீ ஒருநாளும் வளவு கேட்டவளில்லை. பெண்ணுக்கு வளவு இல்லாத தகப்பன் என்று ஊர் சொல்லிவிடுமோ என்று பயந்தவன் நான். அந்தப் பயத்துக்கு உன் பெயரை வைத்தேன். உன் மாமியிடமும் அதைத்தான் செய்தேன்.

இதுவரை எழுதியதன் ஒரு பிரதியை இன்று காலை வாசிகசாலைப் பலகையில் ஒட்டிவிட்டேன். ஒன்றை ஆதம்பாவாக் காக்காவின் கையில் கொடுத்துவிட்டேன். பள்ளிவாசலில் காட்டுவதும் விடுவதும் அவர் பாடு. உனக்கு இது கிடைக்கும்போது ஊர் வாசித்திருக்கும். உன்னிடம் மட்டும் இரகசியமாகச் சொன்னால், நீ அப்பாவுக்காக அதை மறைக்க வேண்டி வந்துவிடுமோ என்று பயந்தேன். அந்தச் சுமையை உனக்குத் தர எனக்கு விருப்பமில்லை.

திங்கட்கிழமைக்கு நாலு ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறேன். பெட்டியை ஏற்று, அது கொழும்புக்குப் போகட்டும். அது யாரையெல்லாம் சுமந்தது, யார் ஓட்டினார் என்று அவருடைய சம்மதத்தோடு எழுது. நீயே போய்க் கேள், என்னை அனுப்பாதே. கண்டலை வெட்டுவித்தது யார் என்றும் எழுது. என் பெயரை எழுதினால் கொழும்பில் அது யாருக்கும் ஒன்றும் சொல்லாது. "கிராம சேவகர்" என்று எழுதினால் நான் அந்த உத்தியோகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். "என் அப்பா" என்று எழுது.